தாமதமாக வந்த நீலம்

1

எங்கள் வீட்டில் மாத்திரைகளுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது. 'ஞாயித்துக்கெழமை மாத்திரை', 'மத்த நாள் மாத்திரை', அவ்வளவுதான். அம்மாவுக்கு முடக்குவாதம். ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்சேட். மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட். ஞாயிறு மாத்திரையைத் தப்பித்தவறிக்கூட தினமும் போட்டுவிடக் கூடாது, அது ஆபத்து என்பதால் டப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதம் ஒருமுறை கொரட்டூரில் ரயில் ஏறி, வில்லிவாக்கம், பெரம்பூர், பேசின் பிரிட்ஜ் தாண்டி, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் இறங்குவோம். சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்தால் ஜிஎச். அதையொட்டி சென்னை மருத்துவக் கல்லூரி. அம்மா ஓபி வரிசையில் உட்கார்ந்ததும் மாதாமாதம் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: "ஏண்டி, நல்லாத்தான் சாப்புடறேன். தெம்பு மட்டும் எங்க போவுதுன்னே தெரியல."

நான் உயிர்வேதியியல் படித்தவள். தெம்பு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதற்குப் படம் போட்டு பதில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அம்மாவிடம் ஒருமுறைகூட அந்தப் பதிலைச் சொன்னதில்லை. சொல்ல முயன்றபோதுதான் ஒன்று உறைத்தது. எனக்குப் படம் தெரியும். அந்தப் படத்தை வரைந்த ஆட்களைத் தெரியாது.

அதில் ஒருவருடைய பெயரை மட்டும் ரெக்கார்ட் நோட்டில் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு கண்டுபிடிக்கும் பிராக்டிகல். டெஸ்ட் ட்யூபில் மாலிப்டேட் ஊற்றி, இன்னொரு திரவத்தைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அந்த முறைக்குப் பெயர் ஃபிஸ்கி சுப்பாரோ. மூன்று வருடமும் அதை ஒரே ஆளின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ இத்தாலிக்காரர், முதல் பெயர் ஃபிஸ்கி, குடும்பப் பெயர் சுப்பாரோ. வகுப்பில் யாரும் வேறு மாதிரி நினைத்ததாகத் தெரியவில்லை.

அது இரண்டு பேர். சைரஸ் ஃபிஸ்கி ஒருவர். இன்னொருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நானும் அம்மாவும் மாதாமாதம் கடந்து போகும் அதே மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

2

சுப்பாராவ் 1895 ஜனவரியில் பீமாவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரா, அன்று சென்னை மாகாணம். அப்பாவுக்கு வருவாய்த் துறையில் சின்ன வேலை. அவரும் சீக்கிரம் இறந்துபோனார். பையன் படிப்பில் சூரப்புலி ஒன்றும் இல்லை. மெட்ரிகுலேஷனை மூன்றாவது தடவையில்தான் தாண்டினார், அதுவும் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு. அப்புறம் மாநிலக் கல்லூரி. அப்புறம் மருத்துவக் கல்லூரி. படிப்புச் செலவில் பெரும்பகுதி மாமனார் கொடுத்தது.

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் உடுத்திக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தும் சுப்பாராவுக்கு எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடத் தாழ்வாக மதிக்கப்பட்ட எல்எம்எஸ்தான் கிடைத்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அரசு மருத்துவப் பணியிலும் இடமில்லை. கடைசியில் சென்னையிலேயே டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார்.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு பெரிய அடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். வெப்ப நாடுகளில் வரும் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் அந்தக் குடும்பத்தைப் பிடித்திருந்தது. ஸ்ப்ரூவில் என்ன நடக்கும் என்றால், ஆள் சாப்பிடுவார், ஆனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குடல் சத்தை உறிஞ்சாது. நாக்கு புண்ணாகும், ரத்தம் குறையும், வயிறு போய்க்கொண்டே இருக்கும், ஆள் கரைந்துபோவார். சுப்பாராவுக்கும் அது வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் அவர் பிழைத்தார்.

"நல்லாத்தான் சாப்புடறேன், தெம்பு மட்டும் எங்க போவுதுன்னு தெரியல." அம்மாவின் வாக்கியத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் அது சலிப்பில் சொல்கிற வார்த்தையாக இருந்திருக்காது.

1920களின் தொடக்கத்தில் கப்பல் ஏறினார். மாமனார் கொடுத்த பணமும் காக்கிநாடாப் பக்கத்து தர்ம அறக்கட்டளை ஒன்றின் உதவியும் கையில். மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். பாஸ்டனில், ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் படிப்பு. சாப்பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை. மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தவர் அங்கே நோயாளிகளின் பெட்பேன் கழுவினார். டிப்ளமா முடித்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறைக்குள் நுழைந்தார். அங்கே அவர் சேர்ந்தது ஃபிஸ்கியிடம்.

3

அவர்கள் பாஸ்பரஸை அளக்க உட்கார்ந்தபோது, 'தெம்பு எங்கிருந்து வருகிறது' என்ற கேள்விக்கு உலகம் என்ன பதில் வைத்திருந்தது?

முதல் நல்ல பதில் ஒரு சீமைப்பெருச்சாளியிடமிருந்து வந்தது. 1782–83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் அதைப் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்தில் வைத்து, அதன் உடல் வெப்பத்தில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளிவிட்ட மூச்சுக்காற்றையும், கரி எரிந்தால் வரும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மூச்சு என்பது மெதுவாக எரியும் நெருப்பு என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுப்பும் உடம்பும் ஒன்று. அரிசி விறகு, ஆக்சிஜன் காற்று.

அழகான பதில், ஆனால் பாதிப் பதில். அடுப்பில் விறகை வைத்தால் வெப்பம் வரும், அடுப்பு எழுந்து நடக்காது. எரிகிற சக்தி எப்படி ஒரு விரலை மடக்கும் சக்தியாக மாறுகிறது? அதற்கு உடம்புக்குள் போக வேண்டும். அங்கே போவதற்கு மேலும் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது.

1897இல் ஜெர்மனியில் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை நசுக்கிப் பிழிந்து, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத சாறில் சர்க்கரை புளித்து நுரைப்பதைக் கண்டார். அதாவது இந்த வேலைக்கு 'உயிர்' என்ற மர்மப் பொருள் தேவையில்லை, ரசாயனம் போதும். சில வருடம் கழித்து லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். ஈஸ்ட் சாறில் நுரைப்பது ஓய்ந்துபோகும்போது கொஞ்சம் பாஸ்பேட் சேர்த்தால், மறுபடி பொங்குகிறது. இட்லி மாவு, தென்னங்கள், எது புளித்தாலும் அதற்குள் பாஸ்பேட்டுக்கு ஏதோ வேலை இருக்கிறது. என்ன வேலை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

தசைப் பக்கம் வேறொரு கட்சி. 1907இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசை களைத்தால் லாக்டிக் அமிலம் சேர்வதை உறுதியாகக் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து ஏ.வி. ஹில்லும் ஓட்டோ மேயர்ஹோஃபும் செய்த ஆய்வுகளுக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. தசையைச் சுருக்குவதே லாக்டிக் அமிலம்தான் என்பது அன்றைய நம்பிக்கை. நோபல் வாங்கியவர்கள் சொன்னால் யார் மறுப்பது?

4

சுப்பாராவும் ஃபிஸ்கியும் இந்தச் சண்டையில் இறங்கவே இல்லை. அவர்களுடைய வேலை அதைவிடச் சின்னது, சலிப்பானதும்கூட. ரத்தத்திலும் சிறுநீரிலும் தசையிலும் பாஸ்பரஸை நம்பகமாக அளக்க ஒரு முறை வேண்டும். 1925இல் அதை வெளியிட்டார்கள். நான் பிராக்டிகலில் செய்த நீலம் அதுதான். பாஸ்பேட், மாலிப்டேட்டுடன் அமிலத்தில் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருள் ஆகும். அதோடு அமினோ நாப்தால் சல்ஃபானிக் அமிலம் சேர்த்தால் நீலமாகும். அளவு தெரிந்த பாஸ்பேட் ஒரு ட்யூபில், தெரியாதது இன்னொரு ட்யூபில். இரண்டு நீலத்தையும் கலரிமீட்டரில் ஒப்பிட்டால் கணக்கு முடிந்தது.

பூனைத் தசையிலிருந்து எடுத்த சாற்றில் இதைச் செய்தபோதுதான் கணக்கு முடியவில்லை.

சாதாரண பாஸ்பேட் ட்யூப் நீலமாகி நின்றுவிடும். தசைச் சாறு உள்ள ட்யூப் மட்டும் வெளிறி இருந்தது. சரி, பாஸ்பேட் கம்மி என்று எழுதிவிடலாம். ஆனால் நேரம் ஆக ஆக அது கருத்துக்கொண்டே போனது. அவசரமாகப் பார்த்தால் ஓர் அளவு, பொறுத்திருந்து பார்த்தால் வேறோர் அளவு. எந்த நேரத்தில் படித்த எண் சரியான எண்?

பிராக்டிகல் வகுப்பில் எங்களுக்கு இப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ட்யூபைக் கழுவி ஊற்றிவிட்டு, 'ரீஏஜென்ட் சரியில்ல மேடம்' என்போம். அல்லது பக்கத்து பெஞ்ச் எண்ணைப் பார்த்து எழுதிவிடுவோம். இவர்கள் அந்தத் தாமதத்தையே பிடித்துக்கொண்டார்கள்.

நீலம் ஏன் மெதுவாக வருகிறது? தசையில் இருக்கும் பாஸ்பேட் முழுவதும் தனியாக, சும்மா கிடக்கும் பாஸ்பேட் இல்லை என்றால் அப்படி வரலாம். அதில் பெரும்பகுதி வேறொரு பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒட்டு ரொம்ப இளக்கமானது. சோதனைக்காக ஊற்றும் அமிலமும் மாலிப்டேட்டுமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுகின்றன. பிரியப் பிரிய நீலம் ஏறுகிறது. அதுவரை எல்லாரும் தசையில் 'தனி பாஸ்பேட்' என்று எழுதி வைத்திருந்ததில் பெரும்பகுதி, தசையை அளக்கப் போன கையே உடைத்துப் போட்டது.

அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பாஸ்போகிரியாட்டின். 1927இல் அறிவித்தார்கள். அதே வருடம் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியும் இதே பொருளின் தடயத்தைத் தனியாகக் கண்டிருந்தார்கள். தசையைத் தூண்டி வேலை வாங்கினால் பாஸ்போகிரியாட்டின் குறைகிறது. ஓய்வு கொடுத்தால் திரும்ப ஏறுகிறது. இது குப்பை இல்லை, சேமிப்பு என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

1930இல் டென்மார்க்கில் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி நஞ்சு கொடுத்த தசையும் கொஞ்ச நேரம் சுருங்கி விரிவதைக் காட்டினார். அப்போது குறைந்தது பாஸ்போகிரியாட்டின். லாக்டிக் அமிலக் கட்சி கலைந்தது. தசை இயலில் நடந்தது ஒரு புரட்சி என்று 1932இல் எழுதியது யார் தெரியுமா? தோற்ற கட்சியின் தலைவர், ஏ.வி. ஹில்லேதான். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

5

பாஸ்போகிரியாட்டின் சேமிப்பு மட்டும்தான். செலவழிக்கும் காசு வேறு. அதுவும் அதே தசைச் சாற்றில்தான் இருந்தது.

1929இல் ஃபிஸ்கியும் சுப்பாராவும் தசையிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்தார்கள். அடினின் ஒன்று, ஒரு சர்க்கரை, மூன்று பாஸ்பேட். அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. அதே வருடம், இவர்களுக்குச் சற்று முன்னால், ஜெர்மனியில் மேயர்ஹோஃபின் ஆய்வகத்தில் கார்ல் லோமானும் அதைக் கண்டறிந்து அறிவித்திருந்தார். இருவருமே தனித்தனியாக வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலான புத்தகங்களில் லோமான் பெயர் முதலில் வருவது நியாயம்தான். சுப்பாராவ் பெயர் பல புத்தகங்களில் வராமலே போவதுதான் நியாயமில்லை.

ஏடிபி என்ன செய்கிறது என்பதை இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். காலையில் மாநகரப் பஸ்ஸில் ஏறி ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பாருங்கள். கண்டக்டர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! நோட்டு செல்லாதது இல்லை; ஆனால் அந்த இடத்தில் அது உதவாது. சில்லறை வேண்டும். குளுக்கோஸ்தான் அந்த ஐநூறு ரூபாய் நோட்டு. செல்லுக்குள் நடக்கும் வேலை எல்லாம் பஸ் டிக்கெட் அளவு வேலை: ஒரு புரதத்தில் ஒரு கண்ணியைக் கோர்ப்பது, சோடியத்தை வெளியே தள்ளுவது, தசை இழையை ஓர் இழுப்பு இழுப்பது. இதற்கெல்லாம் குளுக்கோஸை மொத்தமாக எரித்தால் மிச்சம் முழுக்க வெப்பமாகப் போய்விடும். அதனால் செல் அதைப் படிப்படியாக உடைத்து ஏடிபி என்ற சில்லறையாக மாற்றுகிறது. ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய முப்பது ஏடிபி. கடைசி பாஸ்பேட் கழன்றால் ஒரு டிக்கெட். மிஞ்சும் ஏடிபியில் மறுபடி பாஸ்பேட்டை ஒட்டினால் ஏடிபி. குளுக்கோஸில் இருக்கும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இப்படிச் சில்லறையாகிறது. மிச்சம் வெப்பம். நம் உடம்பு தொட்டால் சூடாக இருப்பதற்கு அதுவும் காரணம். லவாய்சியரின் சீமைப்பெருச்சாளி பனியை உருக்கியதும் இதனால்தான்.

மேலே 'மிஞ்சும் ஏடிபி' என்று எழுதிவிட்டேன். மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட் உள்ள ஏடிபியின் தம்பி, 'ஏடிபி'யில் டி 'டை' ஆகிவிடும். தமிழில் எழுதினால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வந்துவிடுகிறது. வகுப்பிலும் இந்தக் குழப்பம் உண்டு. முழுச் சில்லறை, அரைச் சில்லறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் என்னை மிரள வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. எந்த நொடியிலும் நம் உடம்பில் இருக்கும் ஏடிபி மொத்தம் கால் கிலோவுக்குள்தான். ஆனால் ஒரு நாளில் நாம் செலவழிப்பது ஏறக்குறைய நம் உடல் எடை அளவு. ஒவ்வொரு மூலக்கூறும் உடைந்து, ஒட்டப்பட்டு, மறுபடி உடைந்து, ஒரே நாளில் பல நூறு தடவை கை மாறுகிறது. சும்மா படுத்திருந்தாலும் நடக்கிறது. கொரட்டூர் ஸ்டேஷனில் வண்டி கிளம்பிவிட்டதே என்று நான் ஓடும்போது, தசையில் கையிருப்பாக உள்ள ஏடிபி இரண்டு மூன்று நொடியில் தீர்ந்துவிடும். அடுத்த சில நொடிகளுக்குக் கைகொடுப்பது, நீலத்தைத் தாமதமாக்கிய அந்தப் பாஸ்போகிரியாட்டின். அதன் பாஸ்பேட்டை எடுத்து அரைச் சில்லறையில் ஒட்டி முழுச் சில்லறையாக்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் ரயிலைப் பிடித்துவிட வேண்டும்.

6

ஏடிபிதான் எல்லாச் செல்களுக்கும் பொதுவான சில்லறை என்பது 1929இல் யாருக்கும் தெரியாது. அது பலர் கையால் வந்த கதை. 1939இல் சோவியத் நாட்டில் எங்கல்ஹார்ட்டும் லியுபிமோவாவும், தசையின் மயோசின் புரதமே ஏடிபியை உடைப்பதைக் கண்டார்கள். 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் சிதறிக் கிடந்த எல்லாவற்றையும் ஒன்றாக்கி, பாஸ்பேட் பிணைப்புதான் உயிரின் சக்திப் பரிமாற்றம் என்று எழுதினார். லிப்மன், மேயர்ஹோஃப், 1937இல் தன் பெயர் கொண்ட சுழற்சியைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸ், மூவரும் யூதர்கள். மூவரும் ஹிட்லர் காலத்தில் ஊரைவிட்டுப் போக நேர்ந்தவர்கள். கதர் உடுத்தியதற்காகப் பட்டத்தை இழந்த ஒருவர், பிறப்புக்காக நாட்டை இழந்த மூவர். இந்தப் பாடத்தை மார்க்குக்காகப் படித்தபோது இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

செல் இந்தச் சில்லறையை எங்கே அடிக்கிறது? பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவில். எப்படி என்பதற்கு 1961இல் பீட்டர் மிட்செல் சொன்ன விடையை ஆரம்பத்தில் பலர் ஏற்கவில்லை. அதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஏரி, கரை, மதகு. உணவிலிருந்து கழற்றிய எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனை நோக்கிப் போகின்றன. போகிற வழியில் அந்தச் சக்தியைக் கொண்டு புரோட்டான்கள் ஒரு சவ்வின் அந்தப் பக்கம் ஏற்றப்படுகின்றன. சவ்வுதான் கரை. அந்தப் பக்கம் புரோட்டான் ஏரி நிறைகிறது. திரும்பி வர ஒரே மதகு. அந்த மதகில் ஒரு சக்கரம். புரோட்டான் பாயும்போது சக்கரம் சுற்றுகிறது, சுற்றச் சுற்ற ஏடிபி விழுகிறது. சக்கரம் என்பது உவமைக்காகச் சொன்னதில்லை. அந்த நொதி உண்மையாகவே சுற்றுகிறது. மிட்செலுக்கு 1978இல் நோபல். சக்கரத்தின் வேலையை விளக்கிய பால் போயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997இல்.

ஆக்சிஜன் இல்லையென்றால் எலக்ட்ரான் வரிசை நகராது. ஏரி நிறையாது. சக்கரம் நிற்கும். கழிவுநீர் கலந்த ஏரியில் மீன்கள் வாயை மேலே நீட்டித் தவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த மீனின் ஒவ்வொரு செல்லிலும் மதகு மூடிக்கொண்டிருக்கிறது.

7

சுப்பாராவ் 1930இல் ஹார்வர்டில் பிஎச்டி வாங்கினார். மேலும் பத்து வருடம் அங்கேயே உழைத்தார். நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அந்தத் துறையில் அப்போது மாணவராக இருந்து, பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களைப் பல வருடம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, ஃபிஸ்கி, பொறாமையால் போலும், அவற்றை வெளிச்சத்துக்கு வரவிடவில்லை. சுப்பாராவ் இதைப் பற்றி வெளியே சண்டை போட்டவராகத் தெரியவில்லை. 1940இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது வெறும் எட்டு வருடம்.

1930களின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாயில், கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாரத்தால் குணமாவதைக் காட்டியிருந்தார். அதிலிருந்த அந்தப் பொருளைத் தேடிப் பலர் அலைந்தார்கள். 1945இல் சுப்பாராவின் குழு அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்தது. ஃபோலிக் ஆசிட். அது ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் கொடுக்கப்பட்டது. அவர்கள் தேறினார்கள். சுப்பாராவின் சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

ஃபோலிக் ஆசிட்டைப் போலவே தோற்றமளித்து, செல்லை ஏமாற்றி, பெருகவிடாமல் தடுக்கும் போலிகளையும் அதே குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை வைத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு, தற்காலிகமாகவாவது, முதல்முறையாக நோயைப் பின்வாங்கச் செய்தார். அதன் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட். யானைக்காலுக்கு நம் ஊரில் வீடு வீடாக வந்து கொடுப்பார்களே, டிஇசி மாத்திரை, அதுவும் அவர் தலைமையில் வந்ததே. 1948இல் அறிமுகமான ஆரியோமைசினும் அந்த ஆய்வகத்தில் பிறந்ததுதான்; பெஞ்சமின் டக்கர் கண்டறிந்தது.

1948 ஆகஸ்டில் தூக்கத்தில் இறந்துபோனார். வயது 53. நாடு விடுதலை அடைந்து ஒரு வருடம் முடியவில்லை. ஊர் திரும்பவே இல்லை. சேஷகிரியை மறுபடி பார்க்கவும் இல்லை. இதை எழுதும்போது எல்லாரும் சுப்பாராவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஊரில் கால் நூற்றாண்டு காத்திருந்த அந்தப் பெண்ணின் தெம்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கும் விடை தெரியாது. ஆனால் இந்தக் கணக்கில் அதையும் ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும்.

1995இல், நூற்றாண்டுக்கு, இந்திய அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது. இன்றைய லேப் மெஷின்களில் பாஸ்பரஸ் பார்க்க நீலம்வரை போவதில்லை. நிறம் வருமுன்பே புற ஊதா ஒளியில் அளந்துவிடுகிறார்கள். மாலிப்டேட் மட்டும் மாறவில்லை. காத்திருக்கும் அவசியம் போய்விட்டது. நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்தில் இந்த மெஷின் இருந்திருந்தால், ஓர் எண்ணைத் துப்பிவிட்டு அடுத்த ட்யூபுக்குப் போயிருக்கும்.

போன மாதம் ஓபியில் அம்மா வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள். இந்தத் தடவை பதில் சொன்னேன். சில்லறை, கண்டக்டர், ஏரி, மதகு, எல்லாம். அம்மா மாத்திரை அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இந்த ரெண்டு மாத்திரையும் அவரு பண்ணதா?" என்றாள்.

"அவரும் அவரோட ஆளுங்களும். ஒண்ணு குடுக்கறதுக்கு, இன்னொண்ணு தடுக்கறதுக்கு."

"இங்கயா படிச்சாரு?"

"இங்கதாம்மா. இதே காலேஜ்ல."

அம்மா கொஞ்ச நேரம் காலேஜ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். "அப்ப பாஸ் போடாமத்தான் அனுப்பிச்சாங்க இல்ல?"

"பாஸ் போட்டாங்கம்மா. கம்மியா போட்டாங்க."

"சரி வா. அஞ்சு பத்து வண்டி போயிடும்."